காஹாங் சாலையில் அணைந்த பச்சை விளக்கு

வாசுகிக்கு இடி மின்னலைவிட, அதற்குப் பிறகு வீட்டில் வந்து உட்காரும் அமைதிதான் பயம். ரெங்கம் என்ற ஊரில் அவள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் குழாய் சோபாவைச் சுற்றி, சாப்பாட்டு மேசைக் காலைச் சுற்றி, கடைசியில் அவள் கணவர் மகேஸ்வரனின் மூக்கில் போய் முடியும். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அவர் உதடு நீலம் பாரிக்க ரொம்ப நேரம் ஆகாது. அதனால் வானம் கறுத்தாலே வாசுகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மூலையில் நிற்கும் சின்னத் தோங்கின் முள்ளைப் பார்ப்பாள். ஆக்சிஜன் சிலிண்டரை அந்த வீட்டில் தோங் என்றுதான் சொல்வார்கள். அது அவசரத்துக்கு மட்டும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. எஸ்டேட்டில் இருந்த காலத்தில் நாய்க்குப் பயம், கணக்கெழுதும் கிராணிக்குப் பயம். பிறகு கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே ஒவ்வொரு கிளிப்பையும் இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொடுவாள். சூப்பர்வைசர் சிரிப்பார். “வாசுகி, அது என்ன ஓடியா போயிரும்?” என்பார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதுகூட நாற்பதைத் தாண்டிய பிறகுதான். மகேஸ்வரனால் இனி ஓட்ட முடியாது என்று ஆன பிறகு, வேறு வழியில்லாமல்.

மகேஸ்வரன் நேர் எதிர். குவாரியில் கல்லுடைக்கும் மெஷினோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர். கோவில் திருவிழாவில் மைக் இல்லாமலே அவர் குரல் தேர் வரைக்கும் கேட்கும். அந்தக் கல்தூசு நுரையீரலில் படிந்து, நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, இப்போது ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. ஆனாலும் கிண்டலை விடவில்லை. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் மெஷினையே பிள்ளையாக்கி, “நம்ம மகன் சத்தம் போடுறான் பாரு” என்பார்.

அவருக்கு இருந்த ஒரே ரத்த உறவு அக்கா செல்வராணி. தாய் இறந்த பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவர். வாழ்க்கைப்பட்டது ஜெமாலுவாங்கில். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தம்பிக்குப் போன் போட்டு, என்ன சாப்பிட்டாய் என்று கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. அந்த அக்காவுக்குத் திடீரென்று பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அக்காவின் மருமகள் போனைப் பிடித்துக்கொள்ள, அக்காவும் தம்பியும் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் பேச முடியவில்லை, இவருக்குப் பேச மூச்சில்லை. மகேஸ்வரன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“நான் போகணும், வாசு.”

“எப்படிங்க போறது? மெஷினைச் செவுத்துப் பிளக்குல குத்தியில்ல வச்சிருக்கோம்?”

“தெரியல. ஆனா… போகணும்.”

கையில் தூக்கிப் போகும் சின்ன மெஷின் அவருக்குப் போதாது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஜெமாலுவாங் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தோங்கை நம்பிப் போக முடியாது. வாசுகி ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு, காலையில் தம்போய்க்குப் போன் போட்டாள். அங்கே அவள் சித்தி மகன் ஹேமநாதன் கார் ஒயரிங் கடை வைத்திருந்தான்.

அவர்களுடைய பழைய வேனைப் பார்த்ததும் ஹேமநாதன் தலையாட்டினான். “செய்யலாம்கா. கடைசி சீட்டுக்குப் பின்னால இன்னொரு பேட்டரியும், அதுலேர்ந்து வீட்டுக் கரண்ட் மாதிரி எடுக்க ஒரு இன்வெர்ட்டரும் வச்சிடுறேன். அது மெஷினுக்கு மட்டும். வண்டி ஓட ஓட சார்ஜர் வழியா பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும்.”

“வண்டி நின்னா?”

“நின்னா சார்ஜர் தூங்கிடும். தூங்கணும்கா. இல்லன்னா முன் பேட்டரிய உறிஞ்சிடும். அப்புறம் வண்டியே ஸ்டார்ட் ஆவாது.”

அவன் ஒரு மெல்லிய நீல ஒயரைச் சார்ஜரில் மாட்டி, கார்ப்பெட்டுக்கு அடியில் ஓட்டிக்கொண்டு போய், ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் பியூஸ் பெட்டியில் சேர்த்தான். சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடம் அது. “தடிச்ச ஒயர்லதான் சார்ஜ் போகும். இந்த நீலம் சும்மா சேதி சொல்றதுக்கு. என்ஜின் ஓடுதுன்னு இது சொன்னாத்தான் சார்ஜர் முழிக்கும்.” சாவியைத் திருப்பினான். பின்னால் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. சாவியை எடுத்தான். அணைந்தது.

“இந்த ஒயர் அறுந்துட்டா, தம்பி?”

“அட, அலமாக்! அக்கா, இன்னும் வண்டிய எடுக்கவே இல்ல!” என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். “அறுந்தா பச்சை லைட் வராது. பேட்டரில இருக்கிற சார்ஜ் ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணு. ஒயர்ல கை வைக்கிறதா இருந்தா, மாமா ஆக்சிஜனோட வண்டிக்குள்ள இருக்கவே கூடாது. ஒரு சின்னப் பொறி போதும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை வாசுகி தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கணவரை ஏற்றாமல், மெஷினை மட்டும் ஏற்றி ஓடவிட்டுக்கொண்டு, குளுவாங் வரைக்கும் போய்ப் போய் வந்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதன் பிறகுதான் சரி என்றாள்.

கிளம்பிய நாள் வெயில் நன்றாகத்தான் இருந்தது. மகேஸ்வரன் நடு சீட்டில் துவைத்த வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். வாசுகி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பாள், அவருக்குப் பின்னால் தெரியும் பச்சை விளக்கைப் பார்ப்பாள், பிறகு சாலையைப் பார்ப்பாள். குளுவாங்கில் காப்பி குடிக்க நிறுத்தினார்கள். மகேஸ்வரனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. அவள் நெம்புகோலைத் தூக்கி, அவர் சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்ட வசதி செய்துகொடுத்தாள்.

அங்கிருந்து கிளம்பும்போது மெஷின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. காஹாங்கைத் தாண்டியதும் முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று, அதன் டயர் அடிக்கும் சேற்றுத் தண்ணீர், துடைத்துத் துடைத்தும் தெளியாத கண்ணாடி. சாலை பழுது பார்க்கும் இடத்தில் நீண்ட வரிசை வேறு. லாரியின் பின்விளக்கைத் தவிர வாசுகி வேறெதையும் பார்க்கவில்லை.

மழை விட்ட பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீ, கீ, கீ என்று பின்னாலிருந்து. பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் கத்துகிறது. கண்ணாடியில் பார்த்தாள். பச்சை விளக்கு இல்லை.

வேகத்தைக் குறைத்தாள். இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. யானை படம் போட்ட மஞ்சள் பலகை ஒன்று கடந்து போனது. அவள் வேனைப் புல்லோரமாக இறக்கி நிறுத்தினாள். போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் துளிகூட இல்லை.

“என்ன வாசு?”

“ஒண்ணுமில்லைங்க. தோங்குக்கு மாத்திக்கலாம்.”

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. குழாயைத் தோங்கில் மாட்டி, திருகைத் திறந்தாள். தோங் நிறைந்திருப்பதாக முள் காட்டியது. ஆனால் திரும்பிப் போனாலும் குளுவாங் தூரம், முன்னால் போனாலும் ஜெமாலுவாங் தூரம். இரண்டு பக்கமும் தோங் கைவிட்டுவிடும் தூரம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, ஹேமநாதன் காட்டிய பியூஸை உருவினாள். உள்ளே இருந்த கம்பி கருகியிருந்தது. உதிரிப் பியூஸ் ஒன்றைக் குத்திச் சாவியைத் திருப்பினாள். பச்சை விளக்கு வரவில்லை. உருவிப் பார்த்தால் அதுவும் கருகியிருந்தது. நீல ஒயர் எங்கோ தோலுரிந்து இரும்பைத் தொடுகிறது. எங்கே? கார்ப்பெட்டை முழுக்கக் கிழித்துத் தேட நேரமில்லை.

ஒரு நிமிஷம் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூளை ஓடவில்லை. தொழிற்சாலையில் கைக்குள் புழங்கிய ஆயிரம் ஒயர்களும் கலைந்து ஒரே சிக்கலாகக் கண்முன் நின்றன. பிறகு ஹேமநாதன் சொன்னது மெல்ல மேலே வந்தது. நீலம் சும்மா சேதி சொல்றதுக்கு. சார்ஜருக்கு வேண்டியது அந்தச் சேதிதான். அது ஸ்டியரிங்கிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. முன் பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு ஒயர் சார்ஜரிலேயே வந்து முடிகிறதே, அதில் எப்போதும் கரண்ட் இருக்கிறது. கெட்டுப்போன நீலத்தைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டு ஒயரால் அந்தச் சிவப்பையும் நீலம் இருந்த இடத்தையும் சேர்த்தால் சார்ஜர் முழித்துக்கொள்ளும். ஆனால் அதன் பிறகு அது தூங்காது. தூங்க வைப்பது அவள் பொறுப்பு.

பொறி பறக்கும். அவர் வண்டிக்குள் இருக்கக் கூடாது.

“என்னங்க, கொஞ்சம் வெளிய உக்காரணும்.”

மடக்கு நாற்காலியை எடுத்து, வேனுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளிப் புல்லில் விரித்து, அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். தோங்கை அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தச் சில அடி நடந்ததற்கே அவர் தோள்பட்டை ஏறி இறங்கியது.

“திரும்பிடலாமா… வாசு?”

“திரும்பினாலும் இதே தூரம்தாங்க. பேசாதீங்க. மூச்ச வீணாக்காதீங்க.”

வேனின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டாள். உள்ளே தங்கியிருக்கும் ஆக்சிஜன் காற்றில் கலைந்து போகட்டும் என்று காத்திருந்தாள். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்க்காரர் மெதுவாக வந்தார். அவளையும் நாற்காலியில் இருந்தவரையும் பார்த்துவிட்டுக் காலை ஊன்றினார். “காக், இங்க ரொம்ப நேரம் நிக்காதீங்க” என்று அவளை அக்கா முறையில் கூப்பிட்டு மலாயில் சொல்லி, செம்பனைப் பக்கம் தாடையைக் காட்டினார். “காஜா.” யானை. அவர் காட்டிய பக்கம் பார்த்தாள். ஓர் இளஞ்செம்பனை குருத்தோடு பிளந்து கிடந்தது. பக்கத்தில் பாய் விரித்த மாதிரி சாணி, இன்னும் ஈரமாக.

வண்டி ஓடாது, கணவருக்கு உடம்பு முடியாது என்று தெரிந்த மலாயில் திக்கித் திணறிச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முன்னால் வளைவு வரைக்கும் போய், வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு நின்றுகொண்டார். எதிரே வரும் வண்டி எதுவும் ஹாரன் அடித்து யானையை மிரள வைத்துவிடக் கூடாது என்பதற்காக என்று அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

வாசுகி பின் கதவருகே மண்டியிட்டாள். அக்காவுக்குப் பழம் நறுக்க எடுத்து வந்த கத்தியால் சார்ஜரிலிருந்து நீல ஒயரைக் கழற்றி, அதில் ஒரு சாண் துண்டை அறுத்து, இரு முனையிலும் தோலைச் சுரண்டினாள். அவசரத்தில் ஒரு முனை கோணலாகப் போய், மறுபடியும் சுரண்ட வேண்டியிருந்தது. ஒரு முனையை நீலம் இருந்த இடத்தில் குத்தி ஸ்க்ரூவை முறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். மறு முனையைச் சிவப்பின் அருகே கொண்டு போனாள். தாயே மாரியம்மா என்று வாய் முணுமுணுத்தது. கண்ணை மூடிக்கொண்டால் கை தவறிவிடும் என்று திறந்தே வைத்திருந்தாள்.

சடக்கென்று ஒரு பொறி. ஊசிமுனை அளவுதான். பச்சை விளக்கு எரிந்தது.

அவசரமாக அந்த முனையையும் முறுக்கிவிட்டு, “எரியுதுங்க!” என்று திரும்பினாள். மகேஸ்வரன் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்வை அவளைத் தாண்டி, வேனையும் தாண்டிப் போயிருந்தது. ஒரு கை மட்டும் மெல்ல உயர்ந்து, அசையாதே என்று சொன்னது.

காற்றே இல்லை. ஆனால் வலப்பக்கம் செம்பனை மட்டைகள் ஆடின. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு நெற்றி வெளியே வந்தது. பெண் யானை. வேனுக்கும் வளைவில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே, தார்ச்சாலையில் ஒரு காலை வைத்து நின்றது. துதிக்கை காற்றில் எழுந்து அவர்கள் இருந்த பக்கம் திரும்பியது. அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு குட்டி.

வாசுகி குனிந்தபடியே கணவரிடம் போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வேனில் ஏற்றிவிடலாமா? அவர் எழுந்தால் நாற்காலி சத்தம் போடும். என்ஜினைப் போடலாமா? அந்தச் சத்தத்துக்குத் தாய் யானை என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? வேனுக்குள் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் எதற்காக ஏங்கினாளோ அதுவே இப்போது எமனாகிவிட்டது. என்ஜின் ஓடவில்லை, சார்ஜர் முழித்திருக்கிறது. அது ஒவ்வொரு விநாடியும் முன் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பழைய பேட்டரி. எழுந்துபோய்க் கழற்றவும் முடியாது. மடியருகே தோங்கின் முள் சிவப்புப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

“வாசு,” என்று காற்றாக ஒரு குரல். “நான்… வந்திருக்கவே… கூடாது.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவருடைய விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நீலம் ஏறுகிறதா என்று. யானை நின்றது. குட்டி சாலைக்கு நடுவே போய், தேங்கிய மழைத் தண்ணீரில் துதிக்கையை விட்டு விளையாடத் தொடங்கியது. தாய் அதை அவசரப்படுத்தவில்லை. பின்னாலேயே இன்னும் இரண்டு பெரிய உடம்புகள் மட்டைகளை விலக்கிக்கொண்டு வந்தன. அவை நடக்கும்போது சத்தமே வரவில்லை. அதுதான் வாசுகிக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஒருவழியாகக் கடைசி யானையும் இடப்பக்கக் காட்டுக்குள் இறங்கியது. தாய் மட்டும் ஓரத்தில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. வளைவில் மலாய்க்காரர் கையை உயர்த்தி, வா வா என்று ஆட்டினார்.

எப்படி அவரைத் தூக்கினாள், எப்படிச் சீட்டில் போட்டாள் என்று வாசுகிக்கு இன்றுவரை ஞாபகமில்லை. நாற்காலி அங்கேயே கிடந்துவிட்டது. சாவியைத் திருப்பினாள். என்ஜின் கிழவன் இருமுவதுபோல இரண்டு முறை முனகிவிட்டு நின்றது. “ஐயோ, வேணாம், வேணாம்” என்று ஸ்டியரிங்கிடம் கெஞ்சினாள். சாவியை எடுத்துவிட்டு மறுபடியும் திருப்பினாள். முனகல், முனகல், பிறகு ஓர் உதறல். என்ஜின் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் மெஷினைப் போட்டாள். அது உறும ஆரம்பித்ததும் குழாயைத் தோங்கிலிருந்து கழற்றி மெஷினில் மாட்டினாள். மகேஸ்வரனின் உதட்டில் நீலம் ஏறியிருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக வடிகிற வரைக்கும் அவள் வண்டியை எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் முன்னால் போக, அவர் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே காடு முடியும் வரைக்கும் ஓட்டினாள். ஒரு சந்தில் அவர் கையை அசைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று அப்புறம்தான் தோன்றியது.

ஜெமாலுவாங்கில் அக்கா வீட்டு வாசலிலும் என்ஜினை அணைக்கவில்லை. மெஷினை உள்ளே தூக்கிப்போய்ச் சுவரில் குத்தி, அவரை உட்கார வைத்த பிறகு, திரும்பி வந்து அந்தத் துண்டு ஒயரைக் கழற்றினாள். அதன் பிறகுதான் சாவியை எடுத்தாள்.

உள்ளே செல்வராணி கட்டிலில் கிடந்தார். தம்பியைப் பார்த்ததும் வாய் ஒரு பக்கம் கோணி ஏதோ சத்தம் வந்தது. இடது கையை நீட்டி, தம்பியின் கன்னத்தில் கிடந்த குழாயைத் தடவித் தடவிப் பார்த்தார், இது என்ன என்று கேட்பதுபோல.

“காத்துக்கா… இது வழியாத்தான்… எனக்குக் காத்து வருது. நான் சாப்பிட்டேன். உன்னால கேக்க முடியல… நானே சொல்றேன்.”

அந்த அம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரமாக வழிந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டியபோது, வாசுகியால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. சாலையில் வராத நடுக்கமெல்லாம் அப்போது மொத்தமாக வந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஹேமநாதன் தம்போயிலிருந்து கோத்தா திங்கி வழியாக ஓடிவந்தான். கார்ப்பெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். நடு சீட் நகரும் இரும்புத் தண்டவாளத்துக்கு அடியில் நீல ஒயர் நசுங்கித் தோலுரிந்து கிடந்தது.

“சீட்டப் பின்னாலத் தள்ளினீங்களாக்கா?”

குளுவாங், காப்பி, மரத்துப்போன கால். வாசுகி நசுங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். “நான்தான் தள்ளினேன்.”

“இல்லக்கா. அந்த இடத்துல ஒயர ஓட்டினது நான். தள்ளுவாங்கன்னு நான் யோசிச்சிருக்கணும்.” அவன் முகம் வெளுத்திருந்தது. ஒயரைச் சீட்டுப் பக்கமே வராமல் ஓரமாக, கெட்டியான குழாய்க்குள் விட்டு மாற்றிக் கட்டினான். வாசுகி பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள். அவன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

செல்வராணி அதன் பிறகு சில மாதங்கள்தான் இருந்தார். அந்த மாதங்களில் அவர்கள் பல தடவை போய்வந்தார்கள். யானைகளை மறுபடியும் பார்க்கவில்லை. ஆனால் காஹாங்கைத் தாண்டியதும் வாசுகியின் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும். ஒரு தடவை மகேஸ்வரன் அதைக் கவனித்துவிட்டார்.

“இன்னுமா… பயம்?”

“ஆமாங்க.”

“அப்ப சொல்ல… வேண்டியதுதானே? போகணும்னு நான்… கேட்டிருக்க மாட்டேன்.”

“அதனாலதான் சொல்லல,” என்றாள். துண்டை எடுத்து ஒரு கையைத் துடைத்தாள், பிறகு மறு கையைத் துடைத்தாள். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஜெமாலுவாங் பக்கம் வண்டியை விட்டாள்.